அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா?

எங்கள் அடுக்களைச் சுவரில் நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். புது சிலிண்டர் மாட்டுகிற அன்றைக்கு அம்மா அந்தத் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவைப்பாள். 14.2 கிலோ எரிவாயு எங்கள் வீட்டுச் சமையலுக்கு 40 நாள் வரும், விருந்தாளி வந்தால் இரண்டு நாள் குறையும் என்பது அவளுடைய பல வருடக் கணக்கு. அது தப்பி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு சிலிண்டர் தீர்ந்துடும், புக் பண்ணிடு" என்றாள். ராத்திரி மூன்றாவது தோசை கல்லில் கிடக்கும்போது தீ குறுகி, நீலமாகத் துடித்து, அணைந்தது. "நான்தான் காலையிலேயே சொன்னேனே" என்றாள் அம்மா.

அந்தப் பெருமை இரண்டு நாள்தான் நிலைத்தது. புது சிலிண்டர் கொண்டுவந்தவர் அதை மாட்டிவிட்டு ரெகுலேட்டர் பக்கம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். டியூப் சேருகிற இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. எத்தனையோ நாளாக வாயு கசிந்திருக்கிறது. அவ்வப்போது லேசாக வந்த வாடையைச் சாக்கடை என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். அன்று சாயங்காலம் தங்கை காலண்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, அந்த வட்டம் நான் போட்டது. தண்ணி கேன் வாங்கின தேதி." அம்மா ஊருக்குப் போயிருந்த நாட்களில் அப்பாதான் சிலிண்டரை மாற்றியிருக்கிறார், அந்த வட்டத்துக்கு 12 நாள் கழித்து. அவர் வட்டமும் போடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கணக்குப்படி சிலிண்டர் இன்னும் 12 நாள் வந்திருக்க வேண்டும். அந்த 12 நாளைக் கசிவு தின்றுவிட்டது.

ஆக, அம்மா சொன்னது நடந்தது. சொன்னதற்கு அவளிடம் நல்ல காரணமும் இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இருந்தாலும், சிலிண்டர் அன்றைக்குத் தீரும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தினேன். அப்பாவும் தங்கையும் "தெரியாது, தற்செயல்" என்றார்கள். அம்மா மட்டும் விடவில்லை. "நான் சொன்னது சரியா, இல்லையா? அதைச் சொல்லு."

இந்தச் சச்சரவுக்குத் தத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: கெட்டியர் சிக்கல். 1963இல் டெட்ராய்ட் நகரத்து வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எட்மண்ட் கெட்டியர், 'அனாலிசிஸ்' இதழில் மூன்றே பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். வேலை நிரந்தரமாவதற்கு ஏதாவது அச்சேற வேண்டுமே என்று சக ஆசிரியர்கள் நச்சரித்ததால் எழுதியது என்றொரு கதை உலவுகிறது. அதற்குப் பிறகு அவர் ஏறக்குறைய எதையும் வெளியிடவில்லை. 2021இல் 93 வயதில் இறந்தார். அந்த மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதியவர்களின் பக்கங்களை அடுக்கினால் ஒரு நூலகத்தின் அலமாரி நிறையும்.

ஒன்று நமக்குத் தெரியும் என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் உண்டு என்பதே அதுவரை பலரும் ஏற்றிருந்த இலக்கணம். நாம் அதை நம்ப வேண்டும். அது உண்மையாக இருக்க வேண்டும். நம்புவதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். பொய்யை ஒருவர் அறிந்திருக்க முடியாது. காரணமில்லாமல் நம்பியது பலித்தால் அது வெறும் ஊகம். மூன்றும் சேர்ந்தால் அறிவு. பார்ப்பதற்கு முக்காலி மாதிரி ஆடாமல் நிற்கிற இலக்கணம்தான்.

கெட்டியர் சொன்ன கதை இது. ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பையில் பத்துக் காசு இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆகவே, 'வேலை கிடைக்கப்போகிறவனின் பையில் பத்துக் காசு இருக்கிறது' என்று முடிவுகட்டுகிறான். கடைசியில் வேலை கிடைப்பது ஸ்மித்துக்கே. அவனே அறியாமல் அவன் பையிலும் பத்துக் காசு இருந்திருக்கிறது. நம்பினான், காரணம் இருந்தது, நம்பியது உண்மையும் ஆயிற்று. ஆனால் அவனுக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. (எங்கள் சிலிண்டர் கதை இதைவிட மேல் என்பது என் கட்சி. போட்டிக்கு வந்தவனின் சட்டைப்பையைத் துழாவிக் காசு எண்ணுகிறவனை எங்கே பார்த்திருக்கிறோம்?)

முக்காலியை முதலில் கோத்தவர் பிளேட்டோ என்று சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. 'தியாட்டட்டஸ்' என்ற உரையாடலில், அறிவு என்பது என்ன என்று சாக்ரட்டீஸ் ஓர் இளம் கணித மாணவனைத் துருவுகிறார். புலன் உணர்வே அறிவு என்கிறான் அவன், அது நிற்கவில்லை. உண்மையான எண்ணம் என்கிறான். வாய்ச்சாலகமான வழக்குரைஞரின் பேச்சில் மயங்கிய நீதிமன்றத்தார் தற்செயலாகச் சரியான தீர்ப்புச் சொன்னால், நடந்ததை அவர்கள் அறிந்தார்கள் ஆகுமா என்று சாக்ரட்டீஸ் மடக்குகிறார். கடைசியில், விளக்கத்தோடு கூடிய உண்மையான எண்ணம் என்கிறான். நம் முக்காலிக்கு நெருங்கிய விடை அதுதான். பிளேட்டோ அதையும் கலைத்துப் போட்டுவிட்டு, விடை சொல்லாமலே உரையாடலை முடிக்கிறார். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்து அவர் பெயரிலேயே பிற்காலத்தார் நாற்காலி போட்டு உட்கார வைத்தது ஒரு வேடிக்கை.

இது மேல்நாட்டுப் பேராசிரியர்களின் பொழுதுபோக்கு, நம்மூர் ஆட்களுக்கு இப்படித் தோன்றாது என்ற ஐயம் பலருக்கு உண்டு. அதற்கு ஒரு காலத்தில் ஆய்வுச் சான்றே இருந்தது. 2001இல் ஜொனாதன் வெயின்பெர்க், ஷான் நிக்கல்ஸ், ஸ்டீபன் ஸ்டிச் ஆகிய மூவர் அமெரிக்க மாணவர்களிடம் ஒரு கெட்டியர் கதையைக் கொடுத்துக் கேட்டார்கள். ஜில் பல வருடமாக அமெரிக்கக் கார் ஒன்றை ஓட்டுவது பாபுக்குத் தெரியும். அந்தக் கார் திருடுபோய்விட்டது. அவள் வேறொரு அமெரிக்கக் கார் வாங்கிவிட்டாள். இது பாபின் காதுக்கு எட்டவில்லை. ஜில் ஓட்டுவது அமெரிக்கக் கார் என்பது பாபுக்கு உண்மையில் தெரியுமா, அல்லது அவன் நம்புகிறான், அவ்வளவுதானா? ஐரோப்பிய வம்சாவளி மாணவர்களில் பெரும்பாலோர் 'நம்புகிறான், அவ்வளவுதான்' என்றார்கள். கிழக்காசிய, இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் பெரும்பாலோர் 'தெரியும்' என்றார்கள்.

கட்டுரை பெரும் பரபரப்பானது. அறிவு என்ற கருத்தே ஊருக்கு ஊர் வேறு என்று எழுதினார்கள். ஆனால் மாதிரி மிகச் சிறியது. பிற்பாடு வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. எடுவார் மஷெரி குழுவினர் பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் கேட்டு 2017இல் வெளியிட்டார்கள். நான்கிலும் பெரும்பாலோர், சரியாகச் சொன்னாலும் கதையில் வருபவருக்குத் தெரியாது என்ற பக்கமே சாய்ந்தார்கள். அப்பாவும் தங்கையும் நல்ல கூட்டத்தோடுதான் இருக்கிறார்கள்.

அதைவிட, இந்த முடிச்சை நம் பக்கத்து ஆட்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் இருந்த பௌத்தர் தர்மோத்தரர். தமக்கு முந்திய பௌத்தத் தர்க்க ஆசிரியர் தர்மகீர்த்தியின் நூலுக்கு உரை எழுதும்போது அவர் காட்டுகிற காட்சி: இறைச்சி வாட்ட ஒருவன் அப்போதுதான் தீ மூட்டியிருக்கிறான். புகை இன்னும் எழவில்லை. இறைச்சி வாடைக்குப் பூச்சிகள் கூட்டமாக மொய்க்கின்றன. தொலைவில் நிற்பவன் அந்தக் கருந்திரளைப் புகை என்று எண்ணி, அங்கே தீ இருக்கிறது என்கிறான். தீ இருக்கத்தான் செய்கிறது. இன்னொரு காட்சி பாலைவனத்தில். தாகத்தோடு போகிறவன் கானல்நீரைக் கண்டு தண்ணீர் என்று ஓடுகிறான். போன இடத்தில், பாறை மறைவில், மெய்யாகவே தண்ணீர் இருக்கிறது. நம்பிப் போனவனை ஏமாற்றாததே அறிவு என்று ஓர் இலக்கணம் அன்று வழங்கிவந்தது. தாகம் தீர்ந்ததால் மட்டும் கானல் கண்ட கண்ணுக்கு அறிவு என்ற பட்டம் கொடுத்துவிடலாமா என்பது தர்மோத்தரரின் கேள்வி.

12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இதை இன்னும் சுருக்கினார். ஒருவன் சோழிகளைக் கைக்குள் மூடிக்கொண்டு எத்தனை என்று கேட்கிறான், எதிரே இருப்பவன் ஐந்து என்கிறான், ஐந்துதான். இப்படிக் கேட்டுக் கேட்டே, அறிவுக்கு நீங்கள் சொல்லும் எந்த இலக்கணமும் நிற்காது என்று நியாயம் என்ற தர்க்க மரபினரை அவர் படுத்தி எடுத்தார். இவர் நமக்கு அந்நியர் அல்லர். நளன் கதையை வடமொழியில் காவியமாக்கியவர் இவரே. அதைத் தழுவித்தான் அதிவீரராம பாண்டியர் தமிழில் நைடதம் செய்தார். புலவர்க்கு ஔடதம் என்று பெயர் வாங்கிய நூலின் மூலவர், தர்க்கக்காரர்களுக்குக் கசப்பு மருந்து கொடுத்தவர்.

தமிழில் இந்த விசாரணைக்குப் பழம்பெயர் அளவை. வடமொழியில் பிரமாணம் என்பதும் அளத்தல் என்ற வேரிலிருந்து வந்ததே. நெல்லை முகத்தலளவையால் அளக்கிறோம், துணியை நீட்டலளவையால் அளக்கிறோம். உலகத்தைக் காட்சி, கருதல், உரை என்ற அளவைகளால் அளக்கிறோம். கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் காணாததை உய்த்துணர்வது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை நிறுவும் பகுதியை அளவையோடுதான் தொடங்குகிறார். பிறர் பத்து வரை அடுக்கிய அளவைகளை இந்த மூன்றில் அடக்குகிறார். கடவுளைப் பற்றிப் பேசுமுன் எந்தப் படியால் அளக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுவது நாணயமான முறை.

எனக்கு இந்தச் சொல்லில் ஒரு கொள்ளைப் பிரியம். கெட்டியர் ஆட்டிவிட்ட முக்காலி விளைச்சலைப் பார்க்கிறது: கையில் உள்ள நம்பிக்கை உண்மையா, காரணம் இருக்கிறதா? அளவை என்கிற சொல்லோ கருவியைப் பார்க்கிறது. அடி ஒடுங்கிய படியில் ஒருவர் அரிசி அளக்கிறார். அதே சமயம் படிக்கு மேல் கும்பாச்சியாகக் குவித்தும் விடுகிறார். குறைவும் மிகுதியும் ஈடாகி, வந்த அரிசி சரியாக ஒரு படி. அரிசி சரி, அளந்தது சரியா?

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் இது ஓர் அரங்கக் காட்சியாகவே வருகிறது. மாதவ வேடத்தில் வஞ்சி நகருக்கு வந்த மணிமேகலை, ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று பத்து அளவைகளைச் சொல்லிவிட்டு, அளவை போலத் தோன்றி ஏமாற்றுகிற எட்டுப் போலிகளையும் சொல்கிறான். இந்த எட்டும் இலக்கியச் சுரங்கத்தில் புதைந்து கிடக்கிற மனோதத்துவப் பாடம் என்பேன். கிளிஞ்சிலை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். நிற்பது கட்டையா மனிதனா என்று ஊசலாடுவது ஐயம். அதே கட்டையை, ஆராயாமலே, மனிதன்தான் என்று துணிந்துவிடுவது தேராது தெளிதல். புலி பக்கத்தில் நிற்கிறது என்று கண்டும் உறைக்காமல் இருப்பது கண்டுணராமை. சாக்கடை என்று நாங்கள் நினைத்த வாடையைத் திரியக் கோடலில்தான் வைக்க வேண்டும்.

தேராது தெளிதல் என்ற சொற்றொடரை நாக்கில் போட்டுப் பாருங்கள். தேர்தல் என்றால் ஆராய்தல். அந்தச் சொல்லை இன்று வாக்குச்சாவடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். காலையில் கைப்பேசியைத் திறந்தால் வந்து விழுகிற 'அனைவருக்கும் பகிரவும்' ரகச் செய்திகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.

எட்டில் கடைசியாக வருகிறது நினைப்பு. தக்க காரணம் இல்லாமல், 'இவர்கள் உன் தாய் தந்தையர்' என்று பிறர் சொல்ல, அப்படியே கொள்வது. இங்கே நின்று யோசிக்க வேண்டும். கிளிஞ்சில் வெள்ளி அல்ல, கட்டை மனிதன் அல்ல. ஆனால் சுட்டிக் காட்டப்பட்டவர்கள் மெய்யாகவே தாய் தந்தையராக இருக்கலாமே? பெரும்பாலும் இருப்பார்களே? இருந்தும் அளவைவாதி அதைப் போலிகளின் வரிசையில் வைக்கிறான். ஒன்று உண்மையாய் இருப்பது வேறு, அதை ஒருவர் அறிந்திருப்பது வேறு என்ற கோடு இங்கே விழுந்துவிட்டது. காதையின் முடிவில் பூதவாதி வருகிறான். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஒப்பாதவன். அவனிடம் மணிமேகலை கேட்கிறாள்: உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? ஒரே காதையில், பெற்றோரைப் பற்றிய அறிவு ஓரிடத்தில் போலி. இன்னோரிடத்தில் அனுமானத்தின் வெற்றிச் சான்று. காப்பியத்தை எழுதிய சாத்தனார் இதைத் தெரிந்தே வைத்தாரா என்று சொல்ல முடியாது. ஆனால் அளவை பற்றிய எல்லாப் பூசலும் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் பௌத்தர்களின் தர்க்கத்தைக் கற்பிக்கிறார். மலையில் புகை கண்டு நெருப்பு உண்டு என்று துணிவது, அடுக்களையைச் சான்று காட்டுவது எல்லாம் அங்கே வருகின்றன. இந்தத் தர்க்கத்தை வகுத்த திக்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. மலைப்புகைக்கு அடுக்களையை இழுத்தது எனக்கு ஆறுதல். சிலிண்டரைக் கொண்டுவந்து நான் ஒன்றும் தத்துவத்தைக் கெடுத்துவிடவில்லை.

அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சரியாக நடந்ததா இல்லையா, அது போதாதா? பிளேட்டோவும் 'மெனோ'வில் இதைக் கேட்டார். லாரிசா ஊருக்கு வழி அறிந்தவனும், வழியைச் சரியாக ஊகித்தவனும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேருவார்கள். பிறகு அறிவுக்கு மட்டும் என்ன கிராக்கி?

இதற்குக் காய்ச்சலின் கதையில் பதில் இருக்கிறது. சதுப்பு நிலத்தின் பக்கம் குடியிருந்தால் குளிர்காய்ச்சல் வரும் என்று இத்தாலியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அழுகல் நாற்றமடிக்கும் கெட்ட காற்றே காரணம் என்றார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்று பொருள். போப்பாண்டவரின் மருத்துவர் ஜொவான்னி மரியா லான்சிசி 1717இல் சதுப்புகளின் தீய ஆவியைப் பற்றி நூலே எழுதி, நீரை வடித்துவிடுங்கள் என்றார். வடித்தார்கள், வடித்த இடங்களில் காய்ச்சலும் குறைந்தது. 'சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறையும்' என்ற நம்பிக்கை உண்மை. அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காரணமும் இருந்தது. ராத்திரிக் காற்று ஆகாது என்று ஜன்னலைச் சாத்தினால் அதற்கும் பலன் இருந்திருக்கும். காற்றோடு கொசுவும் வெளியே நின்றிருக்குமே. பூச்சித் திரளைப் புகை என்று கண்டவன் தீயிடம் சரியாகப் போய்ச் சேர்ந்தது போலத்தான்.

1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டின் நகரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஃபோன்ஸ் லாவரான் நோயாளியின் ரத்தத்தில் நெளிகிற ஒட்டுண்ணியைக் கண்டார். அது ரத்தத்துக்குள் எப்படி வந்தது? அல்மோராவில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்ட் ராஸ் அதற்குக் கொசுக்களை அறுக்கத் தொடங்கினார். நோயாளியைக் கடிக்கவிட்டு, ஒரு கொசுவுக்கு ஓர் அணா என்று கூலியும் கொடுத்தார். ஆரம்பத்தில் அவர் பிடித்ததெல்லாம் தவறான இனம். அவருக்கு லண்டனிலிருந்து வழிகாட்டிய பாட்ரிக் மேன்சனோ, கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் தொற்றும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில், புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் ராஸ் கருநிறமி கொண்ட உயிரணுக்களைக் கண்டார். அடுத்த வருடம் கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வரை போவதைத் தொடர்ந்து பார்த்துவிட்டார். கடியே வழி. மனித மலேரியாவுக்கு அனாஃபிலிஸ் வகைக் கொசுதான் காரணம் என்பதை இத்தாலியில் ஜொவான்னி பத்தீஸ்தா கிராஸ்ஸி நிலைநாட்டினார். நோபல் பரிசு 1902இல் ராஸுக்குப் போனது. யார் முதலில் என்று இருவரும் கடைசிவரை சண்டை போட்டார்கள். அது தனிக் கதை.

இப்போது சென்னைக்கு வாருங்கள். இங்கே மலேரியாவைப் பரப்புகிற அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி நாற்றச் சதுப்பில் வளர்வதில்லை. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும், தெளிந்த நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. கெட்ட காற்றை நம்பியவர் இந்தத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றால் ஒன்றும் சொல்ல முடியாது; வாடையே இல்லையே. கொசுவை அறிந்தவர் மூடியைத்தான் முதலில் பார்ப்பார். இதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டபோது அங்கே நகரங்களுக்கு என்ன ஆபத்து வரும் என்று நிபுணர்கள் பதறியதும் இந்த அறிவால்தான். லாரிசா வழியை ஊகித்தவன் அந்த ஒரு முறை ஊர் போய்ச் சேர்வான். சாலையை வெட்டித் திருப்பிவிட்டால் திண்டாடுவான்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவாமல் இருந்திருந்தால், அம்மாவின் கணக்கு பலித்துவிட்டது என்ற நிம்மதியில், கசிவு அடுத்த சிலிண்டருக்கும் தொடர்ந்திருக்கும். சரியாகப் பலித்ததுதான் இருந்த ஆபத்தை மூடி மறைத்தது.

முக்காலிக்கு நான்காவது கால் பூட்ட முயன்றவர்கள் ஏராளம். ஆல்வின் கோல்ட்மன் 1967இல், நம்பப்படுகிற விஷயமே நம்பிக்கைக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்றார். அம்மாவின் நம்பிக்கையைப் பிறப்பித்தது சிலிண்டர் அல்ல, தண்ணீர் கேன். ஆகவே அறிவு அல்ல. கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பிற்பாடு அவரே ஒரு கதையை எடுத்துப் போட்டார்: கிராமத்துச் சாலையில் காரில் போகிறவன் ஒரு தானியக் கொட்டிலைப் பார்த்து, கொட்டில் என்கிறான். அது நிஜக் கொட்டில்தான். ஆனால் அந்த வட்டாரம் முழுக்க, சினிமா செட் மாதிரி முகப்பு மட்டும் வைத்த காகிதக் கூழ்ப் போலிகள். அவன் கண் தற்செயலாக ஒரே நிஜத்தின் மேல் விழுந்திருக்கிறது. காரணத் தொடர்பு சரியாக இருந்தும், தெரியும் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 1979இல் அவர், நம்பிக்கை பிறந்த முறை பெரும்பாலும் உண்மையைத் தருகிற, நம்பகமான முறையா என்று பார்க்கச் சொன்னார். படி ஒடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இது. இதற்கும் எதிர்க்கதைகள் வந்தன. 2000இல் திமொத்தி வில்லியம்சன், அறிவை உடைத்து உறுப்புகளாக்கும் வேலையையே விடுங்கள், அதுவே அடிப்படை என்று எழுதினார். கணக்கு வராதபோது கேள்வித்தாளைக் கிழிப்பது போல முதலில் எனக்குப் பட்டது. இப்போது அவ்வளவு உறுதியில்லை.

மூன்று அளவைகளில் மிச்சமிருப்பது உரை. ராஸின் கண்ணாடிச் சில்லை நான் பார்த்ததில்லை. கெட்டியரையும் நான் கண்டதில்லை. என் பிறந்த தேதி உட்பட எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு யாரோ சொல்லி வந்ததுதான். பிறர் சொல்லை நம்புவதற்கு அனுபவத்தின் ஆதாரம் வேண்டும் என்றார் டேவிட் ஹியூம். நம்புவது பிறவிக் குணம், இல்லாவிட்டால் குழந்தை எதையும் கற்காது என்றார் அவர் காலத்து ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் ரீட். குழந்தைகளையே கேட்டுப் பார்த்தார்கள் மெலிசா கோனிக், பால் ஹாரிஸ் முதலிய உளவியலாளர்கள். இரண்டு பெரியவர்களில் ஒருவர் பந்தைப் பந்து என்கிறார், இன்னொருவர் காலணி என்கிறார். அடுத்து, பெயர் தெரியாத புதுப் பொருளுக்கு இருவரும் வேறுவேறு பெயர் சொன்னால், முன்பு சரியாகச் சொன்னவரின் பேச்சையே 3, 4 வயதுப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளச் சாய்கிறார்கள். நம்பத்தக்கவர் யார் என்று தேர்கிற பழக்கம் பள்ளிக்கூடம் போகும் முன்பே வந்துவிடுகிறது. பெரியவர்களான பின் அது எங்கே போகிறது என்று யாராவது ஆராய்ந்தால் தேவலை.

எங்கள் வீட்டுக் காலண்டரில் இப்போது வட்டங்களுக்குள் எழுத்து இருக்கிறது: சிலிண்டருக்குச் 'சி', தண்ணீருக்குத் 'த'. அம்மா அதோடும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தபடி, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஓர் இழுப்பு இழுக்கிறாள். உள்ளே திரவம் நிற்கிற உயரம்வரை இரும்பு குளிர்ந்திருக்கும். அங்கே ஈரம் மெதுவாகக் காயும். அதற்கு மேலே வாயு மட்டும் இருக்கிற பகுதி சட்டென்று காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழும்.

போன வாரம் துடைத்துவிட்டு, "இன்னும் நாலு விரக்கடை இருக்கு" என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றேன், வேண்டுமென்றே.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தெரியுதேடா. இதோ பாரு."